முப்பத்தோராம் நம்பரின் வருகை

எட்டாம் வகுப்பின் முப்பத்தோராம் நம்பர் செத்து நான்கு மாதமாகியும் பள்ளிக்கு ஒருநாள்கூட மட்டம் போடவில்லை. பெயரைக் கூப்பிட்டால் மூன்றாவது பெஞ்சின் ஓரத்திலிருந்து "உள்ளேன் ஐயா" என்று குரல் வரும். அங்கே ஆள் இருக்காது. முதல் இரண்டு நாள் பையன்கள் பயந்தார்கள். பிறகு அந்த ஓரத்தில் யாரும் பை வைக்காமல் பார்த்துக்கொண்டார்கள்.

நாரணாபுரத்துக்குக் கிழக்கே கருவேலங்காட்டை வெட்டி, 1979இல் மதலைமுத்து சாமியார் இந்த ஆண்கள் பள்ளியை எழுப்பியதே வேனுக்கு எதிராகத்தான். பட்டாசுக் கம்பெனி வேன் காலை ஆறு மணிக்கு வந்து பிள்ளைகளை அள்ளிப்போகும் என்பதால் அவர் ஐந்தரைக்கே பள்ளி மணியை அடித்தார். ஆண்டு விழாவில் பாட்டு நாடகத்துக்கு முன்னால், ஊர் கூடியிருக்க, எல்லாப் பையன்களின் பெயரையும் வாசித்தார். பதில் வராத பெயருக்குத் தகப்பன் மேடையேறிப் பதில் சொல்ல வேண்டும். "எம்மவன் எங்கன போனான்னு எனக்கே தெரியாது சாமி" என்றவனிடம், "அவன் கொண்டாந்த கூலி மட்டும் உங்க மடிக்கு எப்படி வழி கண்டுபிடிச்சு வந்துச்சு?" என்று கேட்டவர் அவர்.

அவர் கண்ணை மூடியதும் மணி ஒன்பதுக்கு நகர்ந்தது. பெயர் வாசிக்கும் வழக்கம் மட்டும் மிஞ்சியது. தீபாவளி சீசனில் பாதி பெஞ்ச் காலியாகும். எண்ணிக்கை குறைந்தால் வேலை போய்விடும் என்று ஆசிரியர்கள் வேனில் போன பையன்களுக்கும் பதிவேட்டில் வருகை போட்டார்கள்.

2003 அக்டோபரில் சபரிநாதனின் பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து கலக்கும் மருந்து ரூம் வெடித்தது. வேலுத்தாய் தன் மகன் கருத்தப்பாண்டியை அரைஞாண் கயிற்றை வைத்துத்தான் அடையாளம் காட்டினாள். விசாரணையில் கம்பெனி வக்கீல் பள்ளிப் பதிவேட்டின் நகலை நீட்டினார். அன்று பையன் வகுப்பில் இருந்திருக்கிறான், எங்கள் ரூமில் எப்படிச் செத்திருப்பான் என்றார். மறுநாள் காலையில், பதிவேட்டில் இன்னும் நீக்காத முப்பத்தோராம் நம்பரைக் கூப்பிட்டபோதுதான் அந்தக் குரல் கேட்கத் தொடங்கியது.

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் பள்ளி விடும் நேரத்துக்கு வேலுத்தாய் கேட்டருகே வந்து நின்றாள். "உங்க நோட்டுலதான இருக்கான்? அனுப்புங்க, கூட்டிட்டுப் போறேன்." தலைமையாசிரியர் ஃபாதர் சூசைமாணிக்கம், "வெள்ளி விழா முடியட்டும்மா" என்று சொல்லி அனுப்பினார்.

பிப்ரவரியில் விழா நடந்தது. சிறப்பு விருந்தினர் சபரிநாதன். பந்தலும் வாணவேடிக்கையும் அவர் உபயம். வகுப்பாசிரியர் நாகையா ஃபாதர் சொன்னபடியே முப்பதுக்கு அடுத்து முப்பத்திரண்டை வாசித்தார்.

பெண்கள் பக்கத்திலிருந்து வேலுத்தாய் எழுந்தாள். "முப்பத்தொன்ன முழுங்கிட்டீகளே வாத்தியாரே, செரிக்குமா?"

"அந்தம்மாவுக்கு ஒரு சேர் போடுங்கப்பா" என்று சபரிநாதன் சிரித்தார்.

"சேரு கெடக்கட்டும் மொதலாளி. எம்மவன் பேர வாசிக்கச் சொல்லுங்க."

நாகையா ஃபாதரைப் பார்த்தார். ஃபாதர் சபரிநாதன் கழுத்து மாலையைப் பார்த்தார். நாகையா வாசித்தார்.

"உள்ளேன் ஐயா."

"ஏலே கருத்தப்பாண்டி, செத்த பெறவும் இவுகளுக்காகப் பொய் சொல்றியாலே? எங்கன இருந்தேன்னு சொல்லுலே!"

இந்த முறை பந்தலின் நான்கு குழாய் ஸ்பீக்கரிலும் கேட்டது. "மருந்து ரூம்ல இருந்தேன் சார்."

மைக்கை அணைக்கச் சொன்னார் சபரிநாதன். அது முன்பே அணைந்திருந்தது. வாணவேடிக்கை திட்டப்படி நடந்தது. ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

மறுநாள் நாகையா பழைய பதிவேட்டை எடுத்து, வெடி நடந்த தேதியில் 'வரவில்லை' என்று சிவப்பு மையில் திருத்திக் கையெழுத்துப் போட்டு, விசாரணைக்குத் தானே கொண்டுபோய்க் கொடுத்தார். கருத்தப்பாண்டி கம்பெனியில்தான் செத்தான் என்று தாளில் ஏறியது. நாகையாவுக்கு வேலை போனது. கம்பெனி மூடி, ஆறு மாதத்தில் சபரிநாதன் மச்சினன் பெயரில் திறந்தது. வேலுத்தாய் அதன்பிறகு கேட்டுக்கு வரவில்லை.

எட்டாம் வகுப்பில் முப்பத்தோராம் நம்பரை இப்போது வேறு யாருக்கும் கொடுப்பதில்லை. காலையில் அதைக் கூப்பிட்டதும் "மருந்து ரூம்ல, சார்" என்று பதில் வரும். ஆசிரியர் 'வரவில்லை' என்று எழுதிவிட்டு, முப்பத்திரண்டைக் கூப்பிடுவார்.