சனிக்கிழமைக் காயங்கள்

மாலை ஆறு மணிக்குள் பதில் போடவேண்டும். சிந்துஜன் காலையிலிருந்து ஓரிடத்தில் இருக்கவில்லை. ஒஸ்லோவின் பியோர்ண்டால் பகுதியிலிருந்த வீட்டின் வரவேற்பறைக்கும் பல்கனிக்கும் நடந்து நடந்தே அவன் கால் ஓய்ந்தது. கைபேசியில் ஜெர்மன் கழகம் ஒன்றின் ஒப்பந்தம் கிடந்தது. அமெரிக்கன் ஃபுட்பாலை, அந்த முட்டைப் பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மோதி ஓடும் ஆட்டத்தை, இனிச் சம்பளத்துக்கு ஆடலாம். இருபத்துமூன்று வயதில் வேறென்ன வேண்டும்?

அம்மாவின் சம்மதம் வேண்டும். அங்கேதான் நம்மாள் வசமாக மாட்டிக்கொண்டிருந்தான்.

"மண்டை உடையிற விளையாட்டு உனக்கு வேண்டாம்" என்று அம்மா பூமணி ஐந்து வருடங்களுக்கு முன்பே தடுத்திருந்தாள். விட்டுவிட்டேன் என்றான். விடவில்லை. தலைக்கவசமும் தோள்காப்பும் நண்பன் தர்மிகன் வீட்டில் ஒளிந்திருந்தன. முதல் வருடம் ஏப்ரலில் மூக்கு உடைந்தபோது பனியில் சறுக்கினேன் என்றான். ஒஸ்லோவில் இதைவிட வசதியான பொய் கிடையாது. தோள் விலகியபோதும் பனிதான். முழங்கால் போய் அடுத்த வருடம் யூன் மாதத்தில் வீங்கித் தொலைத்தது. பனிக்கு எங்கே போவது? படியில் விழுந்தேன் என்றான்.

எல்லாக் காயமும் சனிக்கிழமையே வருவதைப் பூமணி கவனித்தாள். போட்டிகள் சனிக்கிழமைகளில் என்பது அவளுக்குத் தெரியாது. ஏழரைச் சனிதான் என்று முடிவுகட்டி, விரதமிருந்து கோயிலில் எள்ளெண்ணெய் எரிக்கத் தொடங்கினாள்.

இன்றும் சனிக்கிழமை. ஐந்தரை மணிக்குக் கோயிலால் திரும்பி வந்தவள் சப்பாத்தைக் கழற்றமுன்னமே சொன்னாள்:

"ஐயரைக் கேட்டனான். சனி விலகுமட்டும் நீ ஒரு கடுதாசியிலையும் கையெழுத்து வைக்கக்கூடாதாம்."

சொன்ன பொய்யெல்லாம் திரும்பிவந்து கழுத்தைப் பிடித்தது.

"அம்மா, சனி ஒண்டும் செய்யேல்லை. நான்தான்." ஒளித்து ஆடியதிலிருந்து ஆறு மணிக்குள் கையெழுத்து வைக்கவேண்டிய ஜெர்மன் ஒப்பந்தம்வரை எல்லாவற்றையும் கொட்டிவிட்டான்.

பூமணி கதிரையில் போய் இருந்தாள்.

"அப்ப மூக்கு?"

"விளையாட்டு."

"தோள்?"

"அதுவும்தான்."

"மூண்டு வருசமாச் சனிக்கிழமையிலை பட்டினி கிடந்தனான். நீ பாத்துக்கொண்டுதானே இருந்தனீ?"

பார்த்துக்கொண்டுதான் இருந்தான். வெட்கத்தில் முகம் எரிந்தது. மைதானத்தில் நூற்றுப்பத்துக் கிலோ ஆள் மோதியும் விழாதவன் குனிந்து கைபேசியை எடுத்தான்.

"வேண்டாமெண்டு எழுதிவிடுறன், அம்மா."

அவள் கண்ணைத் துடைத்தாள். ஆறுக்குப் பத்து நிமிடம் இருந்தது.

"அங்கை எந்தக் கிழமை விளையாட்டு?"

"ஞாயிறு."

"அப்ப கையெழுத்தை வை."

எழுந்து குசினிக்குப் போனவள் ஒரு கோப்பையில் சோற்றைப் போட்டுக்கொண்டு வந்து அவனுக்கு எதிரே இருந்து சாப்பிடத் தொடங்கினாள்.

"இனி ஞாயிறிலை பிடிக்கிறன் விரதம். எதுக்கெண்டு தெரிஞ்சு பிடிக்கிறன்."