வண்டிக்கு அடியில் தண்ணீர்

"பீச்சுது! ஏ அந்தோணி, நல்லா பீச்சுதுமே!"

ஆரோக்கியராஜ் மணலில் மல்லாந்து கிடந்தான். இடுப்புக்கு மேலே எல்லாம் வேனுக்கு அடியில் இருந்தது. மடித்துக் கட்டிய லுங்கியும் இரண்டு கால்களும்தான் வெளியே. வெள்ளை வேன் தடதடவென்று உறுமிக்கொண்டிருந்தது. அவன் குரலைக் கேட்டால் கடலில் இறங்கி ஏதோ பெரிய மீனைப் பிடித்துவிட்டவன் மாதிரி இருந்தது.

அவன் மனைவி அந்தோணியம்மாள் சாக்கில் சுற்றிய ஐஸ் கட்டியை மரக்கட்டையால் ஓங்கி ஓங்கி அடித்துக்கொண்டிருந்தாள். ஒவ்வோர் அடிக்கும் கழுத்தில் சுளீரென்றது. சுளீரென்றாலும் இன்றைக்கு அவளுக்கு அது உறைக்கவில்லை.

"பீச்சுனா பீச்சட்டும்யா. எழுந்து வந்து பொட்டியத் தூக்கு. வவ்வாலு மீனு வெயில் பாத்துச்சுனா கண்ணு வெளுத்துடும். அப்பறம் ஃபிளாட்டுக்காரங்க மூஞ்சிய சுளிப்பாங்க."

"இரும்மே. எஞ்சின் பாக்காம வண்டிய எடுக்கக் கூடாது."

கடலில் ஓடுகிற எஞ்சினுக்கு யாரும் தண்ணீர் ஊற்றுவதில்லை. அதுவே கீழே கடலை உறிஞ்சிக்கொள்ளும். சூட்டை வாங்கிக்கொண்ட தண்ணீரைப் பின்பக்கம் ஒரு சின்ன ஓட்டை வழியாகப் பீச்சி அடிக்கும். கயிற்றை இழுத்து எஞ்சின் பிடித்ததும் சீனிவாசபுரம் குப்பத்து ஆட்கள் முதலில் பார்ப்பது அதைத்தான். பீச்சினால் எஞ்சின் நல்லபடியாக இருக்கிறது. நின்றுபோனால் ஆபத்து. கரையில் யாருடைய எஞ்சின் மக்கர் பண்ணினாலும் ஆரோக்கியராஜைத்தான் கூப்பிடுவார்கள். அவனும் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு ஓடுவான். வேனை ஓட்டி வந்த அன்றே அடியில் தண்ணீர் விழுவதைப் பார்த்துவிட்டு, "சரியான எஞ்சினத்தான் புடிச்சிக்கினு வந்துக்கிறோம்" என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டான்.

ஸ்டீரிங்கில் உட்கார்ந்திருந்த மகள் ஜான்சி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். "நைனா, அது பீச்சல. சொட்டுது."

"எல்லாம் ஒண்ணுதான். சின்ன எஞ்சின், சின்னப் பீச்சு."

"ஐஸ் தண்ணியா இருக்கப் போவுது."

"நாக்குல வச்சுப் பாத்துட்டேன். உப்பும் இல்ல, கவுச்சியும் இல்ல. எஞ்சின் தண்ணிதான். நீ ஹாரன அடி!"

ஜான்சி அடித்தாள். அந்தச் சத்தத்துக்கே குப்பத்தில் பாதிப் பேர் வெளியே வந்து கையாட்டினார்கள். போன வாரம்தான் கோயில் வாசலில் நிறுத்திச் சாமியார் மந்திரித்துத் தண்ணீர் தெளித்திருந்தார். கண்ணாடியில் ஜெபமாலை ஆடிக்கொண்டிருந்தது. தி.நகரில் துணிக்கடையில் காலையிலிருந்து நின்றே கிடந்து கால் வீங்கின வேலையை ஜான்சி நேற்றோடு விட்டுவிட்டாள். வீடு தேடி மீன் கேட்கிறவர்களை எல்லாம் சேர்த்துப் போனில் ஒரு குரூப் ஆரம்பித்திருந்தாள். ராஜா அண்ணாமலைபுரத்திலும் அடையாற்றிலும் இருந்து ஆர்டர் மேல் ஆர்டராக வந்து விழுந்துகொண்டிருந்தது.

இதெல்லாம் அந்தோணியம்மாளின் கழுத்திலிருந்து தொடங்கியது. எலும்பு தேய்ந்துவிட்டது, இனிமேல் தலையில் கூடை வைத்தால் கை விளங்காமல் போய்விடும் என்று டாக்டர் சொன்னார். கூடையோடு ஏறினால் பஸ்ஸில் முகம் சுளித்தார்கள். ஆட்டோக்காரன் வாடை என்று சொல்லிக் கிளம்பிவிட்டான். அன்றைக்கு ஆரோக்கியராஜ் கரைக்குப் போய் நெடுநேரம் தன் படகைச் சுற்றிச் சுற்றி வந்தான். பிறகு படகின் எஞ்சினைக் கழற்றி, பக்கத்து வீட்டு லூர்துசாமிக்கு விற்றுவிட்டான். அந்தப் பணம்தான் இந்த வேன். பிடிக்கிறவன் பிடிக்கட்டும், நாம் கரையில் வாங்கி வீட்டு வாசலில் விற்போம் என்று கணக்குப் போட்டான். எஞ்சின் போன அன்று ராத்திரி சாப்பிடவில்லை. வேன் வந்த அன்று இரண்டு மடங்காகச் சாப்பிட்டான்.

வேன் கிளம்பியது. முன்சீட்டில் ஆரோக்கியராஜ், பின்னால் பெட்டிகளுக்கு நடுவே அந்தோணியம்மாள். ராஜா அண்ணாமலைபுரத்தில் அந்தப் பெரிய ஃபிளாட்டின் வாட்ச்மேன், கூடையோடு போனால் கேட்டுக்கு வெளியேயே நிற்க வைக்கிறவன், ஹாரன் சத்தம் கேட்டதும் எழுந்து வந்து இரண்டு கதவையும் விரியத் திறந்துவிட்டான். உள்ளே யார் என்று பார்த்தபோது அவன் முகம் போன போக்கு! அந்தோணியம்மாள் ஜன்னலைத் திறந்து, "நல்லாக்கீறியா நைனா?" என்று விசாரித்தாள். ஜான்சி சிரித்த சிரிப்பில் வண்டி குலுங்கி நின்றுபோய், மறுபடி ஸ்டார்ட் பண்ண வேண்டியதாயிற்று. அங்கே வஞ்சிரம் ஒரு துண்டுகூட மிஞ்சவில்லை.

அடுத்தது அடையாறு. பாலத்தில் ஏறும்போது ஆரோக்கியராஜ் சீட்டில் நெளிந்தான்.

"இன்னா நைனா?"

"சீட்டு சுடுது."

அந்த வேனில் எஞ்சின் இருப்பதே முன்சீட்டுக்குக் கீழேதான். ஜான்சி மீட்டரைப் பார்த்தாள். சூடு காட்டுகிற முள் படுத்த இடத்திலேயே படுத்துக் கிடந்தது. அந்த முள் வேலை செய்யாது, அதைக் கண்டுகொள்ள வேண்டாம் என்று விற்றவரே சொல்லியிருந்தார்.

"நிறுத்தட்டுமா?"

"எதுக்கு? பீச்சுற எஞ்சினு. சூடு தன்னால எறங்கிடும். நீ ஓட்டு, ஆர்டர் வெயிட்டிங்குல கீது."

பாலத்தின் நடுவுக்கு வந்திருப்பார்கள். டொக் டொக் என்று சீட்டுக்கு அடியில் யாரோ சுத்தியலால் தட்டுகிற மாதிரி கேட்டது. தீய்ந்த வாடை வந்தது. ஒரு பெரிய கிறீச்சலோடு வண்டி இழுத்துப் பிடித்த மாதிரி நின்றது. குபுகுபுவென்று ஆவி கிளம்பியதும் ஆரோக்கியராஜ் "யம்மாடியோவ்!" என்று கத்திக்கொண்டு கதவைத் திறந்து ரோட்டில் குதித்தான். பின்னால் பஸ், அதன் பின்னால் கார்கள், எல்லாம் சேர்ந்து ஹாரன் அடித்தன. ஜான்சி சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். உள்ளே எதுவும் அசையவில்லை.

"நைனா, சுத்தவே மாட்டேங்குது!"

ஜான்சியின் போன் அடித்தது. அடையாறு காந்தி நகரிலிருந்து, ஆர்டர் கொடுத்திருந்த ஸ்நேஹா அக்கா. மீன் எங்கே, வீட்டில் விருந்தாளி வந்தாயிற்று என்றாள். ஜான்சிக்கு அழுகை முட்டியது. அந்தோணியம்மாள் பெட்டி மூடியைத் திறந்து பார்த்தாள். ஐஸ் கரைய ஆரம்பித்திருந்தது.

"போனைக் குடு" என்று வாங்கினாள். "அம்மாடி, வண்டி பாலத்து மேல நின்னுக்கினு கீது. வவ்வாலு துள்ளிக்கினு கீது. ஒரு எட்டு வந்துடு கண்ணு, உனுக்குன்னு எடுத்து வச்சிக்கிறேன்."

போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேனின் பக்கக் கதவைச் சர்ரென்று இழுத்துத் திறந்தாள். பெட்டிகளை வாசலுக்குத் தள்ளினாள். இத்தனை வருஷம் தெருத்தெருவாகக் கூவின தொண்டை, பாலத்தில் நின்ற பஸ்ஸின் ஹாரனையே அமுக்கிவிட்டது.

"வவ்வாலு! சங்கரா! காலைல புடிச்ச கரை மீனு! வா சார், வா! வண்டிதான் செத்துப்போச்சு, மீனு உயிரோட கீது!"

முதலில் ஒரு ஸ்கூட்டர் ஓரம் கட்டியது. பிறகு இரண்டு. ஞாயிற்றுக்கிழமை காலை, எல்லார் வீட்டிலும் மீன் வாங்கப் போகிற நேரம். வேனைச் சுற்றி ஒரே கூட்டம். ஜான்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு தராசைப் பிடித்தாள். காந்தி நகர்க்காரர்கள் பையோடு பாலத்துக்கே வந்துவிட்டார்கள். டிராஃபிக் போலீஸ்காரர் ஓடி வந்து, "இன்னாம்மா, பாலத்துல மார்க்கெட் போட்டுக்கிற!" என்று கத்தினார். "வண்டிய ஓரமாத் தள்ளிக் குடு சார், நான் வாணான்னா சொல்றேன்?" என்றாள் அந்தோணியம்மாள். அவரும் கூட்டமும் சேர்ந்து தள்ள, வேன் நகர நகர அவள் கூடவே நடந்தபடி விற்றாள். பாலம் இறங்குவதற்குள் பெட்டி காலி.

"பாத்தியாய்யா!" என்று மூச்சு வாங்கச் சிரித்தாள். "வண்டி ஓடினதவிட நின்னதுலதான் நல்லா போச்சு!"

ஆரோக்கியராஜும் சிரித்தான். ஆனால் குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்துக்கொண்டே இருந்தான். இப்போது ஒரு சொட்டுகூட விழவில்லை.

ஒரு மினி லாரியில் கயிறு கட்டிச் சைதாப்பேட்டைக்கு இழுத்துப் போனார்கள். மெக்கானிக் மெஹபூப் அலி முன்சீட்டைத் தூக்கி நிறுத்தி, உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தார். தண்ணீர் ஊற்றுகிற மூடியைத் திறந்து விரலை விட்டார். விரல் துருவோடு உலர்ந்து வெளியே வந்தது.

"தண்ணி எங்கண்ணே?"

"அதான் வந்த நாள்லேந்து பீச்சிக்கினே கீதே" என்றான் ஆரோக்கியராஜ்.

மெஹபூப் அலி டார்ச்சை அணைத்தார். அவன் முகத்தைப் பார்த்துப் பிறகு ஜான்சியின் முகத்தைப் பார்த்தார்.

"அண்ணே, இது போட் இல்ல. இதுக்குக் கீழ கடல் இல்ல. நாம ஊத்தற தண்ணிதான் உள்ளயே சுத்திக்கிட்டு இருக்கணும். ஒரு சொட்டு வெளிய வந்தாலும் கோளாறு. எஞ்சின் வெந்து ஒட்டிக்கிச்சு. இனிமே மாத்தறதுதான்."

ஆரோக்கியராஜ் பக்கத்தில் கிடந்த டயரின் மேல் உட்கார்ந்தான். அவமானத்தில் காது மடல் சிவந்தது. கரையே கூப்பிடுகிற ஆள் அவன். அந்தோணியம்மாள் பக்கத்தில் வந்தாள். அவன் தோளில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

அதற்குள் மெஹபூப் அலி ரேடியேட்டரைக் கழற்றி வெளியே எடுத்திருந்தார். புதுக் கறுப்புப் பெயிண்டை ஸ்க்ரூடிரைவரால் சுரண்டினார். உள்ளே சாம்பல் நிறப் பசை அப்பியிருந்தது. அது உதிர்ந்த இடத்தில் ஓட்டை.

"ஏம்மா, இத்தப் பாரு! ஓட்டைய அடைச்சு மேல பெயிண்ட் அடிச்சிருக்காங்க. முள்ளு வேலை செய்யலன்னியே, இந்தா, ஒயரையே பிடுங்கி விட்டிருக்கு."

"அடப்பாவி!" ஜான்சி கத்தினாள். "தெரிஞ்சேதான் நம்ம தலைல கட்டிக்கிறான்!"

ஆரோக்கியராஜ் துள்ளி எழுந்தான். போன உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது அவனுக்கு. தப்பு தன்னுடையது மட்டும் இல்லை! "வா, போய் ஒரு வழி பண்ணிட்டு வரலாம்! எஞ்சினுக்கு மூணு மாசம் கேரண்டின்னு எழுதிக் குடுத்துக்கிறான்!"

"போங்க" என்றார் மெஹபூப் அலி. "ஆனா ஒண்ணுண்ணே. தண்ணி சொட்டுனத நீ பாத்தேன்னு மட்டும் அங்க வாயத் தொறக்காத. ஓடிக்கிட்டு இருந்துச்சு, நின்னுபோச்சு. அவ்ளோதான்."

"நான் இன்னா கொழந்தையா?" என்றான் ஆரோக்கியராஜ்.

மறுநாள் தி.நகரில் பழைய கார் விற்கிற அந்த இடத்துக்கு மூன்று பேரும் ரேடியேட்டரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். கழுவித் துடைத்த கார்கள் வரிசையாகப் பளபளத்தன. முதலாளி விஜயராகவன் எழுந்து வந்து நாற்காலி போடச் சொன்னார். டீ வரவழைத்தார். ஜான்சி ரேடியேட்டரை மேஜையில் டமாரென்று வைத்து, பசையையும் ஓட்டையையும் காட்டி, எல்லாவற்றையும் கோவையாகச் சொன்னாள். கார் பார்க்க வந்திருந்த இரண்டு பேர் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார்கள். விஜயராகவனின் முகம் வாடியது. அந்தோணியம்மாள் மகளைப் பெருமையோடு பார்த்தாள். காரியம் முடிந்த மாதிரிதான் இருந்தது.

"பார்க்கலாம்மா" என்றார் அவர். "கேரண்டி கொடுத்திருக்கேன், இல்லேன்னு சொல்லல. செய்யறேன்." பிறகு ஆரோக்கியராஜ் பக்கம் திரும்பினார். "ஆனா அண்ணே, வருத்தமா இருக்கு. எஞ்சின்ல பெரிய கைன்னு அன்னிக்குச் சொன்னீங்க. போட் வேற, கார் வேறதானே? வண்டிக்கு அடியில குனிஞ்சு பாக்கற பழக்கமெல்லாம் உங்களுக்கு எங்க இருக்கப் போவுது."

"யாருக்கு?" ஆரோக்கியராஜ் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தான். "எனுக்கா பழக்கம் இல்ல? தெனம் காலைல மல்லாக்கப் படுத்துப் பாக்கறவன் சார் நான்! மொத நாள்லேந்து தண்ணி ஊத்திக்கினுதான் கீது, நாக்குல வச்சே பாத்துக்கிறேன்!"

ஜான்சி அவன் கையைப் பிடித்து இழுத்தாள். அதற்குள் சொல்லி முடித்துவிட்டான்.

விஜயராகவன் டீயை ஒரு வாய் குடித்தார். கார் பார்க்க வந்தவர்களை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"கேட்டீங்க இல்ல சார்? தண்ணி போறது தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சும் ஊத்தாம ஓட்டியிருக்கார். இதுக்கு எப்படி கேரண்டி கொடுக்க முடியும்?"

"அந்த ஒயர யாரு பிடுங்கினது? பெயிண்ட் யாரு அடிச்சது?" என்று ஜான்சி கத்தினாள்.

"பழைய வண்டிம்மா. எங்ககிட்ட வரதுக்கு முன்னாடி எத்தனை கை பட்டிருக்கோ."

எவ்வளவோ கத்திப் பார்த்தார்கள். கடைசியில் அவரே, பாவமாக இருக்கிறது என்று சொல்லி, இரும்பு விலைக்கு வேனைத் திருப்பி எடுத்துக்கொண்டார். அதில் படகு எஞ்சினின் மூடிகூட வாங்க முடியாது. ஜான்சி துணிக்கடைக்குப் போய், விட்ட இடத்திலேயே மறுபடி நின்றாள்.

லூர்துசாமி நல்ல மனுஷன். விஷயம் தெரிந்ததும், "இன்னாண்ணே, என் போட்ல வா, பங்கு தரேன்" என்று தானே வந்து கூப்பிட்டார்.

விடிகிற நேரம். ஆரோக்கியராஜும் மற்றவர்களும் சேர்ந்து லூர்துசாமியின் படகை அலைக்குள் தள்ளி ஏறினார்கள். பின்னால் மாட்டியிருந்தது அவனுடைய எஞ்சின். லூர்துசாமி கயிற்றை இழுத்து இழுத்துப் பார்த்தார். பிடிக்கவில்லை.

"உன் கைக்குத்தான் கேக்கும்போல. நீ இழுண்ணே."

ஆரோக்கியராஜ் எஞ்சினின் தலையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு இழுத்தான். ஒரே இழுப்பு. படபடவென்று பிடித்துக்கொண்டது. பின்பக்கம் தண்ணீர் வளைந்து பீச்சி அடித்தது. அவன் அதில் கையை நீட்டினான். வெதுவெதுவென்று இருந்தது.

வந்திறங்கிய படகுகளில் மீன் எடுக்க அந்தோணியம்மாள் கரைக்கு வந்திருந்தாள். பக்கத்தில் பழைய கூடை. துணியைச் சுருட்டித் தலையில் சும்மாடு வைத்துக்கொண்டே, இரைச்சலுக்கு மேலே குரல் கொடுத்தாள்.

"பீச்சுதாய்யா?"

"பீச்சுதுமே!"

"சரிண்ணே" என்று லூர்துசாமி எஞ்சின் பிடியை வாங்கிக்கொண்டார். "நீ முன்னால போயி வல பக்கம் குந்திக்க. நான் ஓட்டிக்கிறேன்."

ஆரோக்கியராஜ் எழுந்து இடம் விட்டான்.