பச்சைக் களிம்பு

"மம்பட்டியக் கீழ போடுலே!"

மேஸ்திரி தாணுமாலையன் கத்தியபோது முத்துமாலை மண்வெட்டியைத் தலைக்குமேல் ஓங்கியிருந்தான். குழியின் ஒரு பக்கம் முழுதாகச் சரிந்து கிடந்தது. அதற்கடியில் அவனுடைய அண்ணன் பூதத்தான் இருந்தான். சல்லடையைப் போட்டுவிட்டு ஓடிவந்த பூதத்தானின் மனைவி சுடலைவடிவு, அதற்குள் கையால் மண்ணை வாரத் தொடங்கியிருந்தாள்.

ஆற்றங்கரைப் பறம்பு மேட்டில் பழம்பொருள் தோண்டும் இந்த வேலைக்கு ஒரு முறை உண்டு. முதுமக்கள் தாழி கண்ணில் பட்டுவிட்டால் மண்வெட்டி கூடாது. கையும் மூங்கில் குச்சியும்தான். தாழிக்குள் இருக்கும் வெண்கலச் சாமான்கள் பச்சைக் களிம்பேறி, தட்டினால் உதிர்ந்துவிடும். தாழி உடையாமல் வரவேண்டும் என்று, தோண்ட ஆள் வைத்த வெள்ளைக்காரத் துரை சொல்லியிருந்ததால் பூதத்தான் அதன் அடியைக் குடைந்துகொண்டிருந்தான். காலையில்கூட மனைவியிடம் சிரித்தான்: "செத்தவன் வெண்கலத்துல குடிக்கான். உயிரோட இருந்து நாம என்னட்டி கண்டோம், மண்சட்டிதான?"

"அங்கன ஒரு சாடி இருக்குலே," என்றார் தாணுமாலையன். "மூடியில எருமை நிக்குது. செம்பையும் வெள்ளீயத்தையும் உருக்கிச் சேத்து எந்தக் காலத்துல எவன் செஞ்சானோ! இன்னொண்ணு கிடைக்குமா? துரை வந்து கேட்டா ஒந்தலையவா குடுக்க?"

"அண்ணாச்சி, உள்ள ஆளு கிடக்காரு. இருமுத சத்தம் கேக்கு," என்றான் முத்துமாலை.

"நான் வேண்டாங்கேனா? கையால எடுங்க. பைய எடுங்க."

முத்துமாலை சுற்றி நின்றவர்களைப் பார்த்தான். எல்லோர் வீட்டு அடுப்பும் இந்தப் பறம்பை நம்பித்தான் எரிந்தது. மண்வெட்டி மெல்ல இறங்கியது.

சாடிதான் முதலில் வந்தது. தாணுமாலையன் தன் துண்டை விரித்து அதை வாங்கினார். எருமையின் கொம்புகூட ஒடியவில்லை. வெயில் படாமல் குடை பிடிக்கச் சொன்னார். இருமல் சத்தம் எப்போது நின்றது என்று யாரும் கவனிக்கவில்லை. சுடலைவடிவுக்கு மட்டும் தெரியும்.

மாலையில் வீட்டு வாசலில் குளிப்பாட்டிக் கிடத்தினார்கள். வாய்க்கரிசி போட வந்த கிழவர் தாடையைத் திறந்துவிட்டுக் கையை இழுத்துக்கொண்டார். தொண்டைவரைக்கும் மண்.

"மேலாப்புல போடும் வே," என்றார் ஒருவர். "இனி மென்னா திங்கப்போறான்?"

சுடலைவடிவு இடுப்பில் செருகியிருந்த மூங்கில் குச்சியை உருவினாள். கணவனின் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். உதடு, பல் இடுக்கு, நாக்கின் அடி. ஓரிடத்திலும் கீறல் விழாமல் கிளறி எடுத்தாள்.

"மதினி, இருட்டப்போகுது," என்றான் முத்துமாலை.

அவள் நிமிரவில்லை. "பைய," என்றாள்.

மண்ணோடு மண்ணாகக் களிம்பேறிய ஒரு பச்சைத் துணுக்கு வந்தது. மண்ணைக் கீழே தட்டினாள். துணுக்கை மட்டும், வேலையில் பழகியபடி, தனியே எடுத்து அரிசித் தட்டின் ஓரத்தில் வைத்தாள்.