வசனம் மாறிய தாய்

ஆரோக்கியம்மாளுக்கு ஆத்திரம் முதலில் வந்தது மேக்கப்காரன் மேல்தான்.

அறுபத்தொன்றாம் வருஷத்துக் கோடை. திருமயம் கோட்டை அடிவாரத்தில் சினிமாக்காரர்கள் நாலு நாளாகப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். கதாநாயகியின் தாயாக நடிக்க வந்த மெட்ராஸ் நடிகை காய்ச்சலில் படுத்துவிட, மோர் விற்க வந்த ஆரோக்கியம்மாளையே அந்த இடத்தில் உட்கார வைத்துவிட்டார் டைரக்டர் ரெங்கராஜ். அவளுக்கு ஒரே ஒரு வசனம். துணைக்கு மகள் சந்தனமேரியும் வந்திருந்தாள்.

கதையில் புருஷனிடம் அடி வாங்கியவள் கதாநாயகி. அவள் கன்னத்தில் சிவப்பு பூசிக்கொண்டிருந்த மேக்கப்காரன், சந்தனமேரியைப் பார்த்ததும் கையை நிறுத்தினான். அவள் கன்னம் நிஜமாகவே வீங்கியிருந்தது. திருவரங்குளத்து மாப்பிள்ளை கொடுத்தனுப்பிய சீர் அது. சந்தனமேரியின் மோவாயைப் பிடித்துத் திருப்பி, நடுவில் கருநீலம், ஓரத்தில் மஞ்சளும் பச்சையும் என்று பார்த்துப் பார்த்துக் கதாநாயகிக்குப் பூசினான். எப்படி அடிபட்டது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை, பாவி.

ஆரோக்கியம்மாள் நேரே ரெங்கராஜிடம் போனாள். “இது என்ன படங்க?”

“பொம்பளைங்களை அடிக்கிற கொடுமையைக் கேள்வி கேக்குற படம்மா.”

“அடி வாங்கிட்டு ஆத்தா வீட்டுக்கு வந்த பிள்ளை அப்புறம் என்ன செய்யுது?”

“நீங்க புத்தி சொன்னதும் திரும்பிப் போவா. புருஷன் கால்ல விழுவா. அவ பொறுமையைப் பார்த்து அவன் திருந்திடுவான்.”

“அடிச்சது அவன். கால்ல விழுறது இவளா? இதுல கேள்வி எங்கிட்டு இருக்கு?”

ரெங்கராஜ் சிரித்தார். கெட்ட மனுஷர் இல்லை. “ஜனங்க அழுவாங்கம்மா. அழுதாத்தான் யோசிப்பாங்க. திரும்பிப் போகச் சொல்லணும், அவ்வளவுதான். உங்க பேச்சுலயே சொல்லுங்க” என்றார்.

ஒத்திகையில் கதாநாயகி ஓடிவந்து மடியில் விழுந்தாள். ஆரோக்கியம்மாளுக்கு வார்த்தை தானாக வந்தது. “ஆம்பளைன்னா கை நீட்டத்தான் செய்வான். பொறுத்துக்க தாயி. காலை பஸ்ஸுக்குக் கிளம்பு.”

எல்லோரும் கைதட்டினார்கள். “எவ்வளவு இயல்பா இருக்கு! எங்கேம்மா கத்துக்கிட்டீங்க?” என்றார் ரெங்கராஜ்.

எங்கே கற்றாள்? போன வாரம் வீங்கிய முகத்தோடு மகள் வாசலில் வந்து நின்றபோது சொன்ன வார்த்தைகள்தான் இவை. ஒன்றுகூட மாறவில்லை. வீக்கம் கொஞ்சம் வடியட்டும் என்று இத்தனை நாள் தள்ளிப்போட்டு, நாளைக் காலை பஸ்ஸுக்கு மகளின் தகரப் பெட்டியைக் கயிறு போட்டுக் கட்டி வைத்ததும் அவள்தான். மேக்கப்காரனைப் பாவி என்று திட்டினாளே, அவன் பார்த்தது நிறத்தை மட்டும். பெற்றவள் இவள், மகளை மறுபடி அடி வாங்க அனுப்ப இருந்தாள். இப்போது அவளுக்கு ஆத்திரம் தன் மேலேயே வந்தது.

கேமரா ஓடியது. கதாநாயகி மறுபடி மடியில் விழுந்தாள். ஆரோக்கியம்மாள் அவளைக் குனிந்தும் பார்க்கவில்லை. கேமராவுக்குப் பின்னால், வேடிக்கை பார்க்கிற கூட்டத்தில் நின்ற மகளைப் பார்த்தாள்.

“நீ போக வேணாம். இங்கனயே இரு.”

“கட்! வசனம் அது இல்லையேம்மா” என்றார் ரெங்கராஜ்.

“அந்த வசனத்தை இன்னொரு தடவை என் வாயால சொல்ல மாட்டேங்க.”

“கதையே கெட்டுப்போயிடும்.”

“கெட்டுப்போகட்டும். ஒங்க படத்தைப் பார்த்து எந்த ஆம்பளையும் திருந்தப் போறதில்ல. அடி வாங்குன பிள்ளைகதான் பெட்டியைத் தூக்கிக்கிட்டு பஸ் ஏறுவாளுக.”

ரெங்கராஜ் அவளை எழுந்துகொள்ளச் சொன்னார். அப்புறம் கூட்டத்திலிருந்து அழகி என்பவளைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். அவள் பழைய வசனத்தை ஒரே தடவையில் சொல்லி முடித்தாள். அதற்கும் கைதட்டினார்கள்.

மோர்ப்பானையோடு திரும்பி நடக்கையில் சந்தனமேரி கேட்டாள். “ஆத்தா, அது படத்துக்குச் சொன்னதா, எனக்குச் சொன்னதா?”

“ஒனக்குத்தான்டி. போன வாரமே சொல்லியிருக்கணும்.”

வீட்டுக்கு வந்ததும் ஆரோக்கியம்மாள் மகளின் பெட்டியின் முன்னால் உட்கார்ந்தாள். அவள் போட்ட முடிச்சு அவளுக்கே அவிழவில்லை. அரிவாள்மணையை இழுத்துப் போட்டு, கயிற்றை அறுத்தாள்.