கேட்கிற காது

உடையப்பன் உறுமி மேளம் அடித்தால்தான் என் தங்கை நாகமணிக்குச் சாமி வரும். இது எங்கள் ரப்பர் தோட்டத்துக்கே தெரியும். நாகமணிக்கு வலது காது கேட்காது. புருஷனாக இருந்த காலத்தில் அதே உடையப்பன் அறைந்து போன காது அது. அதுவும் தோட்டத்துக்கே தெரியும். ஆனால் முதலில் சொன்னதைத்தான் எல்லாரும் பேசுவார்கள்.

போன வருஷம் நான் கோயில் தலைவர் ஆனேன். முதல் வேலையாக அவனை நிறுத்தினேன். திருவிழாவுக்குச் செரண்டா ஊரிலிருந்து வேறு மேளக் குழு வந்தது. ஒரே மாதிரி சட்டை போட்டுக்கொண்டு நன்றாகவே அடித்தார்கள். நாகமணி வாய்க்கால் கரையில் மஞ்சள் சேலையோடு அரை மணி நேரம் நின்றாள். சாமி வரவில்லை. சாமி வராதவள் கரகம் தூக்கக் கூடாது. வேறொருத்தி தூக்கினாள். இருபது வருஷம் தூக்கியவள் வெறும் தலையோடு வீட்டுக்கு நடந்தாள்.

இந்த வருஷம் திருவிழாவுக்கு முன் கோயில் செயலாளர் ஜீவன் எங்கள் வீட்டுக்கு வந்தான்.

"உடையப்பனக் கூப்பிடலாம்லா, தலைவரே. ஆளு வேற, அவரு வாசிப்பு வேற."

"ரெண்டுக்கும் ஒரே கைதானடா?"

ரவாங் டவுனில் ஆபீஸ் வேலை பார்க்கிறவன். கணக்கு நோட்டைப் புரட்ட ஆரம்பித்தான்.

தேத்தண்ணி கொண்டுவந்த நாகமணி, கேட்கிற காதை எங்கள் பக்கம் வைத்து நின்றாள்.

"அடி வாங்குனது நானு. என்னைய ஒரு வார்த்த கேட்டீங்களா?"

"அவன் மூஞ்சில முழிக்கப் போறியா?"

"மூஞ்சிக்கா கூப்பிடச் சொல்றேன்? மேளத்துக்கு."

"அப்ப மன்னிச்சிட்டியா?"

"இல்லண்ணே. அத ஏன் இதுல கொண்டாந்து போடுற?"

எனக்கு விளங்கவில்லை. ஆனாலும் ஜீவனிடம் சரி என்றேன்.

திருவிழா அன்று காலையில் உடையப்பன் அசாம் ஜாவா ஊரிலிருந்து வந்தான். தலை நரைத்திருந்தது.

"வணக்கம் மச்சான்."

"மச்சான்லாம் அன்னைக்கே முடிஞ்சிச்சு. தலைவர்னு கூப்பிடு."

"சரிங்க தலைவரே."

இந்தப் பணிவையும் நான் நம்பவில்லை. வாய்க்கால் கரைக்குப் போனோம். அவன் வளைந்த குச்சியை உறுமித் தோலில் இழுத்தான். என் முதுகில் என்னவோ ஓடியது. எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் ஓடியது. நாகமணி இடது காதை மேளத்துக்குக் கொடுத்துக் கண்ணை மூடினாள். கால் நடுங்கியது. பிறகு உடம்பு முழுக்க ஆடியது. கரகத்தைப் பூப்போலத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு கோயில் வரைக்கும் வந்தாள்.

சாமி மலையேறியதும் பந்தலில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்தாள். உடையப்பன் உறுமியைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு அவளிடம் போனான். நானும் எழுந்தேன்.

"மணி, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். ரொம்ப வருஷமா."

அவள் நாற்காலியில் திரும்பி உட்கார்ந்தாள். வலது காது அவன் பக்கம் இருந்தது.

"சொல்லு" என்றாள்.

அவன் குனிந்து வெகுநேரம் சொன்னான். அவள் தேத்தண்ணியை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தாள். நான் என் இடத்தில் உட்கார்ந்துகொண்டேன்.