அருவித் தண்ணீருக்கு ஒரு பாடம்

ஷெர்லினின் குரலை நான் முதன்முதலில் கேட்டது எங்கள் வீட்டு அடுக்களையில். என் கணவர் கௌரிசங்கர் செல்போனைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்துவைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"மாஸ்டர் அண்ணாச்சி, சால்னா வாளிய ராவெல்லாம் வெளிய வச்சா உள்ள கிருமிக்குக் கல்யாணம் நடக்கும், பாத்துக்கிடுங்க!"

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். கல்யாணமாகிப் பத்தொன்பது வருடத்தில் என் பாடம் ஒன்றைக்கூட அவர் முழுசாகக் கேட்டதில்லை. எனக்கு வயிறு எரிந்தது.

நான் உமா மகேஸ்வரி. மனையியல் படித்தவள். தென்காசி, குற்றாலம் வட்டாரத்து ஓட்டல்களுக்கும் கடைகளுக்கும் உணவுச் சுகாதார வகுப்பு என்றால் ஏழு வருடமாக என்னைத்தான் கூப்பிடுவார்கள். சீசனுக்கு முன்னால் ஐந்தருவிக் கடைக்காரர்களுக்கு ஒரு நாள் வகுப்பு எடுப்பேன். என் குறிப்புத் தாள்களில் பக்கத்துக்குப் பக்கம் என் பெயர் இருக்கும். வகுப்பு முடிந்ததும் ஒரு தாள் விடாமல் எண்ணித் திருப்பி வாங்கிவிடுவேன். ராப்பகலாக உட்கார்ந்து எழுதியதை எவனோ நகலெடுத்துப் பேர் வாங்கவா?

ஷெர்லின் மேலகரத்தில் ஒரு சிப்ஸ் கடையில் பொட்டலம் போட்டுக்கொண்டிருந்த பெண். ஏதோ வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் இணையத்தில் போட்டிருந்த இலவசப் பாடங்கள் அவள் கண்ணில் பட்டிருக்கின்றன. யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், தங்கள் ஊருக்கேற்ப மாற்றலாம், பகிரலாம். எழுதியவர் பெயரைச் சொன்னால் போதும் என்று அதிலேயே இருக்கிறதாம். இவள் அதிலிருந்த வான்கோழியைத் தூக்கிவிட்டுச் சால்னாவை வைத்தாள். வாட்ஸ்அப்பில் எட்டுப் பாடம் விட்டாள், ஒவ்வொன்றும் மூன்று நிமிடம். செங்கோட்டை முதல் வீரகேரளம்புதூர் வரை பரோட்டா மாஸ்டர் எல்லாரும் அதைக் கேட்டுக்கொண்டுதான் மாவு பிசைகிறார்கள் என்று சொன்னார்கள். சும்மா தூக்கிக் கொடுத்தால் யார்தான் வாங்க மாட்டார்கள் என்று நான் சொல்லிக்கொண்டேன்.

மே மாதம் வியாபாரிகள் சங்கச் செயலாளர் சுடலைமுத்து அண்ணாச்சி போன் செய்தார். "இந்த வருசம் வகுப்ப அந்தப் புள்ளையே எடுக்கட்டும்னு இருக்கோம் மேடம். நீங்க சிறப்பு விருந்தினரா முன்னால வந்து உக்காருங்க."

போனேன். குற்றம் கண்டுபிடிக்கத்தான் போனேன், இதில் மறைக்க என்ன இருக்கிறது?

மண்டபத்தில் எனக்குப் பொன்னாடை போர்த்தி ஒரு நாற்காலியில் உட்காரவைத்தார்கள். என் வகுப்பில் கொட்டாவி விட்ட அதே ஆட்கள் அவளிடம் கையைத் தூக்கித் தூக்கிக் கேள்வி கேட்டார்கள். அவளும் ஒவ்வொருவரையும் அண்ணாச்சி, அக்கா என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பதில் சொன்னாள். எனக்கு அந்தப் பெயர்களில் பாதி தெரியாது.

கடைசிப் பாடத்தில் அவள், "சட்னிய நல்ல தண்ணியில அரைங்க" என்றாள். மூன்றாவது வரிசையில் பஜ்ஜிக்கடைப் பேராச்சி பலமாகத் தலையாட்டினாள். பேராச்சிக்கு நல்ல தண்ணீர் எது என்று எனக்குத் தெரியும். அருவியிலிருந்து குடத்தில் பிடித்துக் கடைக்குப் பின்னால் வைத்திருப்பாளே, அதுதான். மூலிகைத் தண்ணீர் என்று ஐந்தருவிக் கடைகள் முழுக்க அதில்தான் சட்னி அரைப்பார்கள். வெளிநாட்டுப் பாடத்தில் அருவித் தண்ணீர் எப்படி வரும்? இந்தப் பெண்ணுக்கும் தோன்றவில்லை. மாட்டினாயா என்று என் மனம் துள்ளியது. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பொன்னாடையைச் சரிசெய்துகொண்டு பேசாமல் இருந்தேன்.

ஜூலையில் ஒரு மத்தியானம் ஷெர்லின் சாரலில் நனைந்தபடி எங்கள் வாசலில் நின்றாள். பேராச்சி கடையில் தின்ற பதினோரு பேருக்கு வாந்தி பேதி. பேராச்சியின் மகள் பொன்செல்விக்கு இன்னும் குளுக்கோஸ் ஏறுகிறது. சொல்லும்போதே அவள் அழுதுவிட்டாள். உன் பாடத்தைக் கேட்டவர்கள்தானே என்று கேட்க எனக்கு நாக்கு துறுதுறுத்தது.

"அருவித் தண்ணியில ஏன்க்கா அரைச்சியன்னு கேட்டேன் மேடம். மூலிகைத் தண்ணியில கிருமி அண்டாது, உமா மேடமே சொல்லிருக்காவன்னு சொல்லுதாவ. இருவது கடையில கேட்டாச்சி, எல்லாருக்கும் அதே பேச்சு. உங்க பேரச் சொல்லிப் புளுகுதாவ. நான் அப்படிச் சொல்லவே இல்லன்னு நீங்க பேசித் தாங்க, ஒம்பதாவது பாடமா போட்டுருதேன்."

செல்போனை என் முகத்துக்கு நேராக நீட்டினாள். அவள் கண்ணில் என்மேல் சந்தேகம் கொஞ்சமும் இல்லை.

நான் சொல்லியிருந்தேன். முதல் வருடம், வகுப்பு தொடங்கும்போது, அவர்கள் மனதைக் குளிரவைக்க: "உங்கள் ஊர்த் தண்ணீர் மூலிகைத் தண்ணீர், அதில் கிருமி அண்டாது." மண்டபம் கைதட்டியது. அந்த ஏழு வருடத்தில் எனக்குக் கிடைத்த கைதட்டல் அது ஒன்றுதான். தாளையெல்லாம் எண்ணி வாங்கிவிட்டேன். அந்த ஒரு வரியை மட்டும் ஆளுக்கு ஆள் கொண்டுபோயிருக்கிறார்கள்.

இல்லை என்று சொல்ல ஒரு நொடி ஆகாது. ஆனால் நான் சொன்னதைக் காதால் கேட்ட பேராச்சி நாளைக்கும் அதே குடத்தைத்தான் தூக்குவாள். அருவித் தண்ணீர் ஆகாது என்று ஷெர்லின் ஆயிரம் தடவை சொன்னாலும் எடுபடாது.

"நாந்தான் சொன்னேன்" என்றேன்.

அவள் கை தாழ்ந்தது. பிறகு மறுபடி போனைத் தூக்கினாள். வகுப்புத் தமிழ் எனக்கு வரவில்லை. "பேராச்சி, நான் உமா பேசுதேன். அருவித் தண்ணியப் பத்தி நான் சொன்னது தப்பு. அதுல குளிங்க. காய்ச்சாம அதுல சட்னி அரைக்காதிய. கொதிக்கவச்சு ஆத்துன தண்ணிய மட்டும் ஊத்துங்க" என்றேன். மண்டபத்தில் வாயை மூடிக்கொண்டிருந்ததை நான் சொல்லவில்லை.

ஷெர்லின் சொன்னபடியே அதை ஒன்பதாவது பாடமாக விட்டாள், கீழே என் பெயரையும் போட்டிருந்தாள். கேட்டவர்கள் கணக்கில் அது முந்தின எட்டையும் தாண்டிவிட்டது. எத்தனை பேர் கேட்டார்கள் என்று நான் தினமும் பார்க்கிறேன், வெட்கம் இல்லாமல்.

நேற்று அடுக்களையில் கௌரிசங்கர் அதைப் போட்டார். சிரிக்கவில்லை. கடைசி வார்த்தை வரை, முழுசாகக் கேட்டார். பிறகு போனை அணைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"அன்னைக்கு மண்டபத்துல நீயும்தான இருந்தே?"

என் போனை எடுத்து ஷெர்லினின் எண்ணைத் தேடினேன்.