வெளிறிய குடுவை

1

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. அண்ணி ஜெயித்த அன்று வீட்டில் எல்லோரும் அவரைச் சுற்றி உட்கார்ந்து கேட்டார்கள். நான் எழுதிய எதற்கும் யாரும் அப்படி உட்கார்ந்ததில்லை. சரி, அதையே எழுதுவோம் என்று தொடங்கினேன்.

(நாத்தனார் எழுதும் கதையில் அண்ணி ஜெயிப்பது அபூர்வம். வாசகர் இதை மனதில் கொள்ளவும்.)

முதலில், ஆய்வகத்தில் அவர் செய்யும் வேலை. குளத்தில் பச்சையாக மிதக்கும் நுண்ணுயிர் ஒன்று உண்டு. சயனோபாக்டீரியா என்பார்கள். வெயிலும் காற்றிலுள்ள கரியமில வாயுவும்தான் அதன் சாப்பாடு. அதற்குள் வேறோர் உயிரின் மரபணுவைச் செருகினால் எத்திலீன் என்ற வாயுவை வெளியே விடும். பிளாஸ்டிக் செய்யவும் எரிபொருள் செய்யவும் அந்த வாயு வேண்டும். உலகம் அதைப் பூமிக்கடியிலிருந்து எடுக்கும் எண்ணெயிலிருந்து செய்கிறது. அண்ணிக்கு அதை வெயிலிலிருந்து எடுக்க வேண்டும்.

2

முதல் தொடக்கம்:

"கண்ணாடிக் குடுவைகளில் பச்சை பொங்கி நின்றது. மரகதத்தைக் கரைத்து ஊற்றியதுபோல, வெற்றியின் நிறமே அதுதான் என்பதுபோல—"

அண்ணி வெங்காயம் நறுக்குவதை நிறுத்திவிட்டுப் படித்தார்.

"இது உருப்படாத குடுவைடி."

"என்ன அண்ணி, பச்சைப்பசேல்னு இருக்கு?"

"அதான் சொல்றேன். வேலை செய்யுறது இவ்வளவு தளதளன்னு இருக்காது. சாப்பிட்டதுல ஒரு பங்கை வாயுவா வெளிய விட்டுட்டா அது எப்படிக் கொழுக்கும்? வெளிறிப்போய், நோஞ்சானாத்தான் இருக்கும்."

"அப்ப இந்தப் பச்சை?"

"ஓபி அடிக்கிற சோம்பேறிக் கூட்டம். நாம செருகின ஜீனை உடைச்சுப் போட்டுட்டு, தின்னுட்டு வளருது."

மரகதத்தை அடித்தேன். தொடக்கம் போயிற்று.

3

இரண்டாவது தொடக்கத்தில் அண்ணியை எல்லாம் தெரிந்தவராக எழுதினேன். அந்தப் பாத்திரத்தை நானே நம்பவில்லை. விசாரித்தேன். நம்பாதது சரிதான் என்று தெரிந்தது.

குடுவையில் உயிரை வளர்ப்பவர்கள், அது நிறைந்ததும் கொஞ்சம் எடுத்துப் புதுக் குடுவையில் ஊற்றுவார்கள். இல்லையென்றால் நெரிசலில் செத்துவிடும். அண்ணியும் அவர் கூட்டாளியும் வெகு காலம் இருப்பதிலேயே பச்சையான குடுவையைத் தேர்ந்தெடுத்துத்தான் ஊற்றினார்கள். யாராக இருந்தாலும் அதைத்தான் எடுப்பார்கள். ஒவ்வொரு முறையும் வாயு குறைந்து, பிறகு நின்றது. விளக்கைத் திட்டினார்கள். தண்ணீரைத் திட்டினார்கள். கடைசியில் ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டார்கள்.

கூட்டாளிக்கு ஆமை என்று பட்டப்பெயர். எதையும் நிதானமாகச் செய்வார். கழுவ வைத்த குடுவைகள் அவர் பக்கம் மலையாகக் குவிந்திருக்கும். ஒருநாள் வாயுவை அளக்கும் கருவியின் குழாயை, கழுவ வேண்டிய ஒரு வெளிறிய குடுவையில் தெரியாமல் மாட்டிவிட்டார். எண் எகிறியது.

"கருவி கெட்டுப்போச்சு," என்றார் ஆமை.

அண்ணி குழாயைத் தடவிக்கொண்டே போய் அது முடியும் இடத்தைப் பார்த்தார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து சிரித்தாராம்.

"நாமளே சோம்பேறியாப் பார்த்துப் பார்த்து பதவி உயர்வு கொடுத்திருக்கோம், ஆமை."

4

அந்தச் சிரிப்பு நீடிக்கவில்லை. அதே வாரம் ஆய்வக இயக்குநர் வந்தார். அண்ணியின் அறையை வேறொரு குழு கேட்டிருந்தது.

"ஏம்மா, ஒவ்வொரு தடவையும் ஆரம்பம் நல்லாத்தான் இருக்கு. அப்புறம் புஸ்ஸுன்னு போயிடுது. எத்தனை நாள்தான் பார்க்கிறது?"

"கடைசியா ஒரு சோதனை ஓட்டம் குடுங்க சார். நீங்க நிறுத்துன்னு சொல்ற வரைக்கும் ஓட்டுறேன். அதுக்குள்ள வாயு நின்னா நானே காலி பண்ணித் தர்றேன்."

அறை போனால் வேலையும் போய்விடும். அண்ணி இதை அவரிடம் சொல்லவில்லை. என் அண்ணனிடமும் சொல்லவில்லை.

வெளிறியதை மட்டும் பார்த்து எடுத்தால் போதாது. அதற்குள்ளேயும் ஓபி அடிப்பவை முளைக்கும். இங்கே நான் கட்டுரையாளர் ஆகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். மரபணு ஒரு வாக்கியம் என்று வையுங்கள். உயிர் அதை முதல் எழுத்திலிருந்து வரிசையாகப் படிக்கும். சோம்பேறிகளில் நடுவே ஓர் எழுத்து உடைந்திருக்கும். அதன்பின் எல்லாம் உளறல். வேலை மிச்சம். அண்ணி என்ன செய்தார் என்றால், அந்த உயிர் பிழைக்கத் தேவையான வேறொரு மரபணுவை அதன் இடத்திலிருந்து பெயர்த்து, இந்த வாக்கியத்தின் வாலில் சேர்த்து ஒட்டினார். இனி நடுவில் உடைந்தால் வாலும் படிக்கப்படாது.

"ஓபி அடிச்சா சாவு. வேலை செஞ்சா சோறு," என்றார் அண்ணி.

(பாதியில் விட்ட என் வாக்கியங்களை நினைத்துக்கொண்டேன். எனக்கு யாரும் வால் ஒட்டவில்லை.)

5

இனி முடிவுகள்.

(அ) வாயு நிற்கிறது. காலியான அறையில் அண்ணி தனியாக, கழுவிய குடுவைகளின் நடுவே... இதை நன்றாகவே எழுதியிருந்தேன். படிப்பவர் கண் கலங்கும்.

"ஏன், நான் ஜெயிச்சா கதையாகாதா?"

"ஜெயிச்சா விளம்பரம் மாதிரி ஆயிடும் அண்ணி."

"அப்ப உன் கதை நல்லா வரணும்னு நான் தோத்திருக்கணுமா?"

(அ)வைக் கிழித்தேன்.

(ஆ) அண்ணி வாயுவைப் பற்றவைக்கிறார். நீலச்சுடர். "எரியாதுடி, அவ்வளவு அடர்த்தி இல்லை. எரிஞ்சா அறையே போயிடும்."

(இ) இந்த வாயுவில் ஊரே ஓடுகிறது. "இப்போதைக்கு ஸ்கூட்டர்கூட நகராது. பொய் எழுதாதே. அதுக்கு இன்னும் நிறைய வேலை கிடக்கு."

6

ஆகவே, நடந்தது.

முந்தைய ஓட்டங்களின் வாயு வரைபடங்கள் எல்லாம் படிக்கட்டு இறங்குவதுபோல இருக்கும். இந்த முறை அந்தப் படி வர வேண்டிய இடம் வந்தது. கோடு உயர்ந்தது என்று எழுதியிருந்தேன். உயரவில்லை. நேராகப் போனது. குடுவை மாறியது, கோடு நேராகப் போனது. மறுபடி குடுவை மாறியது, இன்னும் நேராகவே போனது. இவ்வளவு அழகான சலிப்பை நான் கண்டதில்லை.

ஆனால் வாயு கண்ணுக்குத் தெரியாது. கதைக்கு அது பெரிய தொல்லை. நல்லவேளை, ஆமை ஒன்று செய்து வைத்திருந்தார். பச்சைத் தக்காளி ஒவ்வொன்று போட்ட இரண்டு பாட்டில்கள். ஒன்றுக்குள் வெறும் காற்று போகும். இன்னொன்றுக்குள் குடுவையிலிருந்து வரும் காற்று போகும். எத்திலீன் காயைப் பழுக்க வைக்கும்.

இயக்குநர் வந்தார். ஒரு தக்காளி பச்சையாக இருந்தது. மற்றது ரத்தச் சிவப்பு.

"என்ன ஆமை, இங்கேயே சமையலா?"

"வெயில் பழுக்க வெச்சது சார்."

இயக்குநர் வரைபடத்தை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை விரலால் தடவினார். விரல் எங்கும் இறங்கவில்லை.

"நிறுத்தணுமா சார்?" என்றார் அண்ணி.

அவர் வெளியே போனார். அண்ணிக்கு மூச்சு நின்றது. (இது என் வார்த்தை. "நீட்டாதே, லேசாப் படபடப்பா இருந்துச்சு," என்று திருத்தினார்.) திரும்பி வந்த இயக்குநர் பக்கத்து அறைச் சாவியை மேசைமேல் வைத்தார்.

"இந்த அறை போதாதும்மா. பெரிய தொட்டியா வையுங்க."

ஆமை அவசரமாக எழுந்தார். அவர் அவசரப்பட்டதை யாரும் அதற்குமுன் பார்த்ததில்லை. அண்ணியை அப்படியே தூக்கிவிட்டார்.

"இறக்குடா கழுதை, குடுவை உடையும்!"

7

இங்கே ஒரு கடைசி வரி வேண்டும். மூன்று எழுதினேன், மூன்றும் கதையை மூடின. அடுத்ததில் ஊற்றாமல் மூடி வைத்த குடுவை என்ன ஆகும் என்று இதற்குள் உங்களுக்கே தெரியும். அதனால் எழுதப்போவதில்லை.

இயக்குநர் இதுவரை நிறுத்தச் சொல்லவில்லை. பெரிய தொட்டி நிறைந்துவிட்டது. பார்க்கச் சகிக்காத வெளிறல். இன்று காலையும் அண்ணி அதிலிருந்து கொஞ்சம் எடுத்து அடுத்ததில் ஊற்றினார். நிறுத்தும் உரிமையை உங்களிடம் தருகிறேன். தைரியம் இருந்தால் அண்ணி முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். என்னால் முடியாது, நான் அவர் வீட்டில்தான் சாப்பிடுகிறேன்.